இஸ்திரி போடக் கூடாத துணி

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

மாடிப்படியின் பாதியில் நின்றபடி நாத்தனார் கேட்டாள். மேலே அறையில் சிட்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெல்லத் தோள்வரை உயர்த்தி, மெல்ல இறக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை, தோல் நிறத்தில் ஓர் உறை. ஆஸ்பத்திரியில் அதை ஸ்லீவ் என்றார்கள். நாத்தனார் கைசாக்ஸ் என்று பெயர் வைத்திருந்தாள்.

"இன்னும் நாலு தடவைதான் அக்கா. முடிச்சுட்டு வந்துடறேன்."

"நாலு தடவையோ நாப்பது தடவையோ... முதல்ல அந்தக் கையைப் பாரு. தலகாணி மாதிரி வீங்கிக் கிடக்கு. ரெண்டு மாசம் முன்னாடி இப்படியா இருந்துச்சு? ஆட்டி ஆட்டித்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கு. நான் சொன்னா யாரு கேக்கறா இந்த வீட்டுல..."

சிட்டு பாட்டில்களை மறுபடி உயர்த்தினாள். கை ஏன் வீங்கியது என்று அவளுக்குத் தெரியும். அதை வாய் திறந்து சொல்லத்தான் முடியவில்லை.

நாத்தனாரைக் குறை சொல்லவும் வழியில்லை. போன வருடம் சிட்டுவின் மார்பில் இருந்தது புற்றுநோய்க் கட்டிதான் என்று தெரிந்த அன்றே, மகன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவள் இரண்டு பைகளோடு வந்து இறங்கிவிட்டாள். ஆபரேஷன் நடந்தது. மருந்து ஏற்றிய நாட்களில் சிட்டு வாந்தி எடுத்தபோதெல்லாம் வாளி பிடித்தவள் அவள்தான். கீழே சலவைக் கடையில் சிட்டுவின் இஸ்திரி மேஜை காலியாகிவிடக் கூடாதென்று, நரம்பு சுருண்ட கால்களோடு எட்டு மணி நேரம் அங்கே நிற்பவளும் அவள்தான். அப்படிப்பட்டவளுக்குத் திட்ட உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

ஆனாலும் போன வாரம் சலவை மிஷின் பக்கத்தில் நின்று, யாரிடமோ சொல்வதுபோல அவள் சொன்ன ஒரு வார்த்தை சிட்டுவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. "பாட்டில் தூக்கினா வலிக்கிறதில்ல. ஈரப் போர்வை தூக்கச் சொன்னாத்தான் வலிக்குமாக்கும்."

பாட்டில் அரைக் கிலோ. ஈரப் போர்வை மூட்டை பதினைந்து கிலோ. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டதால், அந்தப் பக்கத்து நீர் வடிய வழியில்லாமல் கையிலேயே தேங்குகிறது என்று பிசியோதெரபிப் பெண் படம் போட்டுக் காட்டியிருந்தாள். கையைச் சும்மா வைத்தால் இறுகிப்போகும். அவசரப்பட்டுப் பாரம் தூக்கினால் வீங்கிவிடும். ஸ்லீவைப் போட்டுக்கொண்டு, கொஞ்சமாக ஆரம்பித்து, கை கனக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். தசை அசைகிறபோது ஸ்லீவின் இறுக்கம் நீரை மேலே தள்ளும். "ஒரு வருஷம் பொறுமையா செஞ்சா உங்க மேஜைக்கு நீங்க திரும்பப் போகலாம்" என்று அந்தப் பெண் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் சிட்டு தினமும் விடியலில் எழுந்தாள்.

அன்றைக்குக் காலைப் பலகாரத்தின்போது அந்த வாக்கியத்துக்கும் ஆபத்து வந்தது.

"தம்பி, நீயாவது சொல்லு. உன் பொண்டாட்டி கை உனக்குத் தேவையா இல்லையா?" என்றாள் நாத்தனார்.

கணவர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவர் பேசுவதே அபூர்வம். கடைக்கு வருகிறவர்கள் அவரை ஊமை மாஸ்டர் என்பார்கள், அவருக்கு எதிரிலேயே. அப்படிப்பட்டவர் அன்று வாயைத் திறந்தார்.

"விட்டுடேன். அக்கா சொல்றாங்கல்ல."

சிட்டு அவரைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வரேன்" என்றாள் நாத்தனார். "அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டு இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்."

அன்று பகல் முழுக்க சிட்டு அறையிலேயே இருந்தாள். கீழேயிருந்து நீராவி சீறும் சத்தமும், சூடான பருத்தியின் வாசனையும் படியேறி வந்தன. இருபத்திரண்டு வருடம் அந்த வாசனைக்குள் வாழ்ந்தவள் அவள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் அவளுக்கு ஒரு மேஜை கொடுத்தார், மகனுடைய மேஜைக்கு எதிரில். அவள் கை வேகத்தைப் பார்த்து சிட்டு என்று கூப்பிட்டதும் அவர்தான். அதோடு சொந்தப் பெயரை வீட்டில் எல்லாரும் மறந்தே போனார்கள்.

எதிரெதிர் மேஜை என்றால் நாள் முழுக்க ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமானவன் எதையாவது பேசமாட்டானா? அவர் பேசவில்லை. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. முதல் மாதம் அவள் அழுதேவிட்டாள், இப்படி ஒரு மரக்கட்டைக்கா நம்மைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று. அப்புறம் ஒரு நாள் குளித்துவிட்டு வந்தால், கட்டிலின்மேல் அவளுடைய பழைய வாயில் புடவை, புதிதாகக் கடையிலிருந்து வந்ததுபோல மடித்து வைத்திருந்தது. தொட்டால் இன்னும் சூடு இருந்தது. பக்கத்தில் ஜாக்கெட், தையல் ஓரத்தில்கூட ஒரு சுருக்கம் இல்லாமல்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். சண்டை போட்ட நாளில் மடிப்பு கத்தி மாதிரி இருக்கும். சமாதானமான நாளில் ஓரம் மெத்தென்று இருக்கும். இப்போது வெளியூரில் படிக்கிற மகள் பிறந்தபோது மனிதர் தொட்டில் துணிக்கெல்லாம் இஸ்திரி போட்டார். கடை முழுக்கச் சிரித்தது. அவளுக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை. அவர் பேசாத பேச்செல்லாம் அந்தச் சூட்டில் இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு அது நின்றுபோனது. கட்டில்மேல் எதுவும் வரவில்லை. அவள் துணிகள் கொடியிலிருந்து நேராக அலமாரிக்குப் போயின, கசங்கியபடியே. ஒரு மாதம் அல்ல, பத்து மாதம். ஒரு பக்கம் தட்டையாகிப்போன தன் உடம்பை அவர் பார்க்க விரும்பவில்லை என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். யாரிடம் போய்க் கேட்பது?

எட்டாவது மாதத்தில்தான் இந்த ஸ்லீவ் வந்தது. மாற்றிப் போட இரண்டு. முதல் வாரம் ஒன்றை அலசிக் குளியலறையில் போட்டிருந்தாள். காலையில் பார்த்தால், மடித்து அலமாரித் தட்டில் இருந்தது. வெதுவெதுப்பாக. அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாவது வாரம், டப்பாவோடு வந்த காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தாள். மிதமான சோப்பு, கையால் அலசு, முறுக்காதே, நிழலில் காயவை... கடைசி வரியில், இஸ்திரி போடக் கூடாது. காகிதத்தை நாலாக மடித்துத் தன் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். லேசாகப் போடுவதில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஸ்லீவ் வாரத்துக்கு வாரம் தளர்ந்தது. கை வாரத்துக்கு வாரம் பருத்தது. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு காலையும் அந்தச் சூட்டைத் தேடித்தான் அவள் கை அலமாரிக்குப் போனது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பெண் டேப்பை எடுத்து முழங்கைக்குக் கீழே வைத்துச் சுற்றினாள். இருபத்துநாலு சென்டிமீட்டர் இருந்த இடத்தில் இருபத்தேழு. அவள் புருவம் சுருங்கியது.

"பாத்தியாம்மா?" நாத்தனார் முன்னால் வந்தாள். "பாட்டிலைத் தூக்கி ஆட்டினது போதும்னு நீயே சொல்லிடு. என் பேச்சு எடுபடல."

"எத்தனை பாட்டில் தூக்கறாங்க?"

"ரெண்டு. அரை லிட்டர்" என்றாள் சிட்டு.

"செஞ்சு முடிச்சதும் கனமா இருக்கா? கை சிவந்துச்சா, காய்ச்சல் ஏதாவது?"

"இல்லம்மா."

"அப்ப இது அதனால வந்ததில்ல ஆன்ட்டி. இவ்வளவு சின்ன எடையை இவ்வளவு மெதுவா தூக்கினா இப்படி வீங்காது." அவள் ஸ்லீவைக் கழற்றி இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். அது பழைய பாவாடை நாடா மாதிரி நீண்டு, திரும்பி வராமல் தொங்கியது. "இது வாங்கி ரெண்டு மாசம்தானே ஆகுது? ரெண்டு வருஷம் போட்ட மாதிரி இருக்கு. வெந்நீர்ல போட்டீங்களா? வெயில்ல காய வெச்சீங்களா?"

சிட்டு தரையைப் பார்த்தாள்.

"இங்க குடு" என்று நாத்தனார் அதை வாங்கினாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். துணியின் மேல் மெல்லிய ஒரு மினுமினுப்பு. பிறந்ததிலிருந்து இஸ்திரிக் கடையில் வளர்ந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்பக்கத்தைத் திருப்பினாள். தையலை முதலில் உள்ளிருந்து படிய வைத்து, பிறகு வெளிப்பக்கம் ஈரத்துணி போட்டுத் தேய்த்திருந்தது. அப்பாவிடம் அந்த வேலையை முழுசாகக் கற்றவன் ஒரே ஒருவன்தான்.

"இதுக்குச் சூடு ஆகாதாம்மா?" என்று கேட்டாள், குரல் இறங்கி.

"ஆகவே ஆகாது. உள்ள இருக்கிற ரப்பர் நூல் செத்துடும். போட்டும் போடாத மாதிரிதான்."

நாத்தனார் சிட்டுவைப் பார்த்தாள். சிட்டு நிமிரவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் நாத்தனாருக்கு எல்லாம் விளங்கிப்போனது.

வீடு திரும்பும் வழியெல்லாம் நாத்தனார் ஸ்லீவைக் கையிலேயே பிடித்திருந்தாள். கடைக்குள் நுழைந்தவள் நேராகத் தம்பியின் மேஜைக்குப் போய், அவர் தேய்த்துக்கொண்டிருந்த சட்டையின்மேலேயே ஸ்லீவை வைத்தாள்.

"இது யாரு கை வேலை?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நான்தான்... ஏன்?"

"ஏனா? இதுக்கு இஸ்திரியே போடக் கூடாதாம். நீ போட்டுப் போட்டு இது செத்துப்போச்சு. இவ கை வீங்கிப்போச்சு. நான் ஒருத்தி, ஆட்டித்தான் வீங்குதுன்னு தினம் இவளை வறுத்து எடுத்திருக்கேன். நீயும் உக்காந்து விட்டுடுன்னு சொன்னே."

அவர் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மூணாவது வாரத்துலேருந்து."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

சிட்டுவுக்கு அதுவரை அடக்கி வைத்தது உடைந்தது. "பத்து மாசமா என் துணி ஒண்ணு கூட உங்க மேஜைக்கு வரலைங்க. நான் உங்களுக்கு வேண்டாதவளாப் போயிட்டேன்னு நினைச்சேன். இது ஒண்ணுதான் வந்துச்சு. இதையும் வேணாம்னு சொன்னா... அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு?"

ஊமை மாஸ்டர் ஸ்லீவைக் கையில் எடுத்தார். பேசப் பழகாதவர் பேச ஆரம்பித்தார்.

"எடுத்தேன். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறுநாளே உன் ஜாக்கெட்டை எடுத்தேன். ஒரு பக்கம் பிரிச்சுத் தச்சிருந்துச்சு. இருபது வருஷமா கண்ணை மூடிக்கிட்டுப் போடற துணி... அதை எப்படிப் போடறதுன்னு தெரியல. கருக்கிடுவேன்னு பயந்து வெச்சுட்டேன். மறுநாளும் அப்படித்தான். அப்புறம் உன் துணியைத் தொடவே தைரியம் வரல. இந்த சாக்ஸ்ல ஒண்ணும் இல்ல, நேரா இருந்துச்சு... இதையாவது ஒழுங்கா செய்யலாம்னு..." அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் நல்லா சேந்தீங்க" என்றாள் நாத்தனார், அழுதுகொண்டே. "ஒருத்தன் வாயே இல்லாதவன். இவளுக்கு வாய் இருந்தும் பேசாதவ." சிட்டுவை இழுத்து, வீங்கிய கையில் படாமல் அணைத்துக்கொண்டாள். "நான் பேசினதெல்லாம் மறந்துடுடி. பாட்டில் தூக்க மட்டும் வலிக்கலையான்னு கேட்டேனே... என் நாக்கு அழுகிப் போகட்டும்."

"அப்படிச் சொல்லாதீங்க அக்கா. வாளி பிடிச்ச கை உங்க கை."

பழையபடி நாத்தனாரின் அதிகாரம் தொடங்கியது, இப்போது மறு திசையில். வீக்கம் இறங்கப் பதினைந்து நாள் கையில் பட்டைத்துணி சுற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சுற்றும் விதத்தை அவளே போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். உடற்பயிற்சிக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் மாடிக்கு வந்து நிற்பாள். "பாட்டில் எங்கடி? மெதுவா தூக்கு, ரயிலைப் பிடிக்கப் போறியா?" என்பாள். கணவர் மட்டும் கிட்டே வரவில்லை. குற்றம் செய்தவர்போலத் தள்ளித் தள்ளியே நடந்தார். அலமாரித் தட்டு வெறுமையாக இருந்தது. விடியலில் அதைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை சிட்டு சிரமப்பட்டு விட்டாள்.

பதினாறாம் நாள் புது ஸ்லீவ் வந்தது. இருபத்தைந்துக்கு இறங்கியிருந்த கைக்கு அளவெடுத்துச் செய்தது. புதிது என்பதால் இரும்பு மாதிரி இறுக்கம். சிட்டு கட்டிலில் உட்கார்ந்து, பிடி வழுக்காமல் இருக்க ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டைத் தாண்டவே மாட்டேன் என்றது.

கதவருகில் நிழல் விழுந்தது. கணவர்.

"இதை எப்படித் தோய்க்கணும்?"

"கையால அலசணும். முறுக்கக் கூடாது. நிழல்ல போடணும்."

"இஸ்திரி..."

"வேணாங்க."

அவர் தலையை ஆட்டினார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. "அப்ப நான் உனக்கு என்னதான் செய்யறது?" என்றார் கடைசியில். அந்தக் குரல் இருபத்திரண்டு வருடத்தில் அவள் கேட்டறியாதது.

சிட்டு கையுறையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "இதை மாட்டிக்கிட்டு ஸ்லீவைப் போட்டு விடுங்க. எனக்கு ஒத்தைக் கையால முடியல."

அவர் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கையை அவர் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அக்குள் ஓரத்தில் தழும்பின் நுனி தெரிந்தது. பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. மணிக்கட்டிலிருந்து விரல் விரலாக ஸ்லீவை மேலே ஏற்றினார். "வலிக்குதா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றாள். முழங்கையைத் தாண்டி, தோள்வரை கொண்டுவந்து சேர்த்தபோது அவருக்கு வியர்த்திருந்தது.

"முழங்கைகிட்ட ஒரு சுருக்கம் விழுந்திருக்கு பாருங்க. சுருக்கம் இருந்தா அந்த இடத்துல அழுத்திடுமாம்."

"சுருக்கத்தைப் பத்தி எனக்குச் சொல்றியா?" என்றார் அவர். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

கையுறையைக் கழற்றினார். வெறும் உள்ளங்கையை அவள் மணிக்கட்டில் வைத்து, மெல்ல, ஓர் இடம் விடாமல், மேல்நோக்கித் தடவிக்கொண்டு போனார். தோளை அடைந்ததும் மறுபடி மணிக்கட்டுக்கு வந்தார். அந்தச் சுருக்கம் முதல் தடவையிலேயே போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை. போதும் என்று அவளும் சொல்லவில்லை.