அவர் படம் அங்கேயே இருக்கட்டும்

மழை விடாத ஐப்பசிச் சாயங்காலம் ஒன்றில் கரண்ட் போனபோது, நெடுமாறன் நாற்காலியிலிருந்து எழுந்து, இருட்டில் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடந்து, சமையலறைப் பரணில் உப்பு ஜாடிக்குப் பின்னால் கைவிட்டு டார்ச் லைட்டை எடுத்தான். அந்த வீட்டுக்கு அவன் மாப்பிள்ளையாக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டார்ச் அங்கே இருப்பது எழில்மொழிக்கே மறந்துபோயிருந்தது. அதை அங்கே வைத்தவன் பரிதி, அவளுடைய முதல் கணவன்.

"அத்தை, டார்ச் இருக்கிற இடத்தை நீங்க சொன்னீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா," என்றாள் பரிதியின் தாய் கண்ணாத்தாள். சொல்லிவிட்டு நெடுமாறனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளத்தில் மடை திறக்கப் போன பரிதியை வெண்ணாறு அடித்துக்கொண்டு போனது. நாணலுக்குள் கிடைத்தான். வாய் நிறையச் சேறு. அழுது ஓய்ந்த பிறகு, மருமகளுக்கு வரன் தேடியதும் கண்ணாத்தாள்தான். நெடுமாறன் பூதலூர்க்காரன், கால்நடை ஆய்வாளர். நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டே நாற்பது வயதைத் தொட்டவன். மனைவியைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவான். சுவரிலிருந்த பரிதியின் படத்தைக் கழற்றப் போனவளிடம், "வேணாங்க. அவர் படம் அங்கேயே இருக்கட்டும். அவரும் இந்த வீட்டு ஆளுதானே," என்றான். அப்போதுதான் அவளுக்கு அவன்மேல் ஆசை வந்தது.

டார்ச் எடுத்த நாளுக்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தலை துவட்டும்போது பரிதி முணுமுணுக்கும் ராகம், குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து. சலவை வேட்டியிலும் தலையணையிலும் கசிந்த ஆற்றுச் சேற்றின் குளிர்ந்த வாடை. ஒரு மாலை, விளக்கேற்றிக்கொண்டிருந்தவளின் பின்கழுத்தருகே ஒரு குரல்:

"மொழி."

எல்லாருக்கும் அவள் எழில். பரிதிக்கு மட்டும் மொழி. பயந்திருக்க வேண்டும். அவளோ கண்ணை மூடி அந்த மார்பில் சாய்ந்துகொண்டாள். ஈரமாக இருந்தது. பரவாயில்லை என்று நினைத்தாள்.

மறுநாள் ஆற்றுப்பாலத்தில் நெடுமாறன் பைக்கை நிறுத்தினான்.

"எழில், நடுநடுவுல நான் எங்கேயோ போயிடறேங்க. ஒரே இருட்டு. மேல நீங்க பேசறது கேக்குது. வாயைத் திறந்தா சேறு உள்ள வருது. நான் அப்படி ஆயிட்டா, என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவீங்களா?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாம பூதலூருக்கே போயிடலாங்க. இன்னைக்கே."

பையோடு அவள் கூடத்துக்கு வந்தபோது வாசற்கதவு பூட்டியிருந்தது. சாவி கண்ணாத்தாளின் இடுப்பில். நெடுமாறன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எங்க கிளம்புற, மொழி?"

"அவரை விட்டுடுங்க." அவள் கைகூப்பினாள். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"அங்க ரொம்பக் குளிருது, மொழி."

அதில் கோபமே இல்லை. காய்ச்சலில் படுத்திருக்கும்போது பரிதி பேசுவானே, அதே குரல்.

"கதவைத் திறங்க, அத்தை."

"எம்புள்ள பசியோட வந்திருக்கான்," என்றாள் கண்ணாத்தாள். தட்டில் சோற்றைப் பிசைந்தாள். ஊட்டினாள். அந்த வாய் ஆசையாக மென்றது. சிரித்தது. கடைவாயில் கருஞ்சேறு வழிந்தது.

கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவை நெடுமாறனின் கண்கள். அவளையே பார்த்து அழுதுகொண்டிருந்தன. இடது கை தரையில் ஊர்ந்து வந்தது. அவள் கணுக்காலைப் பிடித்தது. இறுக்கியது.

கூப்பிடுங்க.

வாயைத் திறந்தாள். அந்தப் பேரைச் சொன்னால் பரிதி மறுபடி சாவான். இந்த முறை அவள் கையால்.

"மொழி," என்றது வாய், கெஞ்சலாக.

நாக்கு அசையவில்லை.

கணுக்காலில் ஒரு விரல் தளர்ந்தது. பிறகு இன்னொன்று. கண்ணாத்தாள் அடுத்த கவளத்தை உருட்டினாள்.