கல் வீட்டின் உள்கதவு

இன்ஸ்பெக்டர் தீர்த்தகிரியின் செல்போன் அலறியது.

"சார்... எங்கப்பா சவரிராயன எந்தங்கச்சியே அடிச்சுக் கொன்னுட்டா சார். கடத்தூர் தாண்டி, கருங்கல்லு வூடு. சீக்கிரம் வாங்க."

பேசியவன் அமலன். குரலில் நடுக்கம் அளவாக வந்திருந்தது. பைக்கில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தானே!

கொன்றதே அவன்தான்.

எல்லாம் இந்த வீட்டுக்காக. பாட்டன் கட்டிய கருங்கல் வீடு. ஒரே நீளக் கூரை. அதன் கீழ் ஒரு பாதி மனிதர்களுக்கு, மறுபாதி மாடுகளுக்கு. நடுவில் தடித்த கல்சுவர், அதில் ஒரு தேக்குக் கதவு. மாடு கத்தினால் மழையில் நனையாமல் போய்ப் பார்க்கலாம். பெங்களூர்க்காரன் ஒருவன் அதை ரிசார்ட் ஆக்கக் கேட்டான். கிழவர் சவரிராயன் மசியவில்லை.

கிழவர் செத்தால் பாதி தங்கை பிளசிக்குப் போகும். பிளசி ஜெயிலுக்குப் போனால்..? கொலைகாரிக்குச் சொத்து ஏது? மொத்தமும் அமலனுக்கு!

போலீஸ் வந்தது. தொழுவத்தின் வெளிக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உடைத்தார்கள்.

தண்ணீர்த் தொட்டியோரம் சவரிராயன் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் கடப்பாரை.

பிளசி உடைந்த கதவருகே நின்றாள். அழவில்லை.

"ஏம்மா, பெத்தவரு செத்துக் கெடக்கறாரு. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லியே?"

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்லீங்க சார். அதுக்காவ கொல்லுவாங்களா?"

"பாத்தீங்களா சார், திமிர!" அமலன் பாய்ந்தான். "பால் கறக்கற நேரமாச்சேன்னு காலைல அப்பாவப் பாக்கத் தொழுவத்துக்கு வந்தேன். கதவு தாழ் போட்டிருந்துச்சு. செவுத்துல வைக்கோல் தள்ளற சந்து இருக்குல்ல, அதுல எட்டிப் பாத்தேன். இவ கடப்பாரையோட வந்தா... அடிச்சா... வூட்டுக்குள்ளயே போயிட்டா."

அந்தச் சந்தில்தான் அவன் விடியலில் புகுந்தான். அதிலேயே வெளியேறினான். ஒல்லி உடம்புக்கு வசதியாகப் போயிற்று.

"எந்த வழியா வந்தாங்க?"

"இதோ, இந்த உள்கதவு வழியாத்தான் சார்."

"நிச்சயமா?"

"மாதா மேல சத்தியம். ரெண்டு கண்ணால பாத்தேன்."

பிளசி அண்ணனை உற்றுப் பார்த்தாள்.

"கடைசியா எப்பண்ணா இந்த வூட்டுக்கு வந்த?"

"கிறிஸ்துமஸுக்கு. அதுக்கென்ன இப்ப?"

"சார், அந்தக் கதவ அவனையே தொறக்கச் சொல்லுங்க."

அமலன் கதவை இழுத்தான்.

திறந்தது.

பின்னால்... கல்! மேலிருந்து கீழ்வரை கருங்கல்லை அடுக்கி, சிமெண்ட் பூசியிருந்தது. எறும்புகூட நுழைய முடியாது.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சு வந்த தவக்காலத்துல, கறி ஆவாத நாள்ல கறிக்கொழம்பு வெச்சேன்னு அப்பாவுக்குக் கோவம் சார். 'இனிமே உம்மூஞ்சில முழிக்கமாட்டேன்'னு மாட்டுப் பக்கம் குடி வந்துட்டாரு. அவரே வழிய அடச்சுக் கட்டுனாரு. கதவு தேக்கு, கழட்ட மனசு வரல." பிளசியின் குரல் உடைந்தது. "என்னக் கண்டா ஆவாதுன்னு கட்டுனாரு சார்... அதுதான் இன்னிக்கு என்னக் காப்பாத்துது."

இப்போதுதான் அழுதாள். அப்பனுக்காகத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"சார்... இருட்டு... சரியாத் தெரியல..." அமலன் உளறினான்.

"வெளிக்கதவு உள்ள தாழ். உள்கதவுல கல்லு. கொன்னவன் வந்துபோவ பாக்கி அந்தச் சந்துதான். அங்க நின்னது நாந்தான்னு நீயே சொல்லிட்ட."

தீர்த்தகிரி விலங்கை எடுத்தார்.

"நட அமலா. நீ போற எடமும் நல்ல கெட்டிக் கட்டடந்தான். ஒரே ஒரு கதவு. அத நீ தாழ் போடவே வேண்டாம்... நாங்களே போட்டுக்குவோம்!"