கிரேன் ராணியின் ஏழாம் பக்கம்

புத்தகக் கடையின் கண்ணாடிக் கதவில் மாதம் ஒரு தாள் ஒட்டப்படும். அதை எழுதுவது குடைச்சல். வயது பத்து. வீட்டில் வைத்த பெயர் வேறு. ‘ஏன், எப்படி, யார் சொன்னது’ என்று எல்லாரையும் குடைந்தெடுத்ததில் அந்தப் பெயர் மறந்தே போய்விட்டது.

புதுப் படக்கதை வந்ததும் குடைச்சல் படிப்பாள். எப்படி இருக்கிறது என்று எழுதுவாள். கடைக்கார மாமா ஒட்டுவார். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பாள். இல்லையென்றால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள். ‘வில்லனுக்கு இந்த மாதமும் அதே சட்டை. துவைப்பானா, மாட்டானா?’ என்று ஒருமுறை எழுதினாள். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இந்த மாதம் ‘கிரேன் ராணி’ வந்திருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெண்ணின் கதை. அவளுக்கு நட்டு என்று ஒரு நாய். குடைச்சல் இப்படி எழுதியிருந்தாள்:

‘முதல் பக்கத்திலேயே கிரேன் ராணி கொட்டும் மழையில் கிரேன் உச்சியில் உட்கார்ந்து அழுகிறாள். ஏன் என்று சொல்லவே இல்லை! பிறகுதான் நட்டு காணாமல் போன கதை வருகிறது. திருடன் பிடிபடுகிறான், நட்டு கிடைக்கிறது. முடிந்தது என்று மூடப் போனால், கடைசிப் பக்கத்தில் தூரத்தில் ஒரு குரைப்பு! அது யாருடைய நாய்? எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. பத்துக்குப் பத்து.’

அதைப் படித்துவிட்டு எட்டுப் பேர் புத்தகம் வாங்கினார்கள். மறுநாளே எட்டுப் பேரும் திரும்பி வந்தார்கள். முன்னால் தக்காளி நின்றான். கோபம் வந்தால் அவன் முகம் சிவந்துவிடும். அன்றைக்கு நன்றாகவே பழுத்திருந்தது.

“ஏய் குடைச்சல்! முதல் பக்கத்துல எங்கடி மழை? வெயில் அடிக்குது! ராணி நாய்க்கு ரொட்டி போடுறா!”

“கடைசிப் பக்கத்துல குரைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றாள் பின்னால் நின்ற ஒரு சிறுமி. “நட்டு அவ மடியில தூங்குது. அவ்வளவுதான்.”

“புத்தகத்தைத் திறந்து பார்க்காமலே அளந்து விட்டிருக்கா!” என்றான் இன்னொருவன்.

குடைச்சல் பையிலிருந்து தன் புத்தகத்தை எடுத்து விரித்தாள். முதல் பக்கத்தில் மழை கொட்டியது. எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

“அட, ஆமாம்!” என்றான் தக்காளி. பிறகு அவன் கண்கள் சுருங்கின. “உன் புத்தகம் மட்டும் வானத்துல இருந்து விழுந்ததா? இந்தக் கடையில நீ வாங்கி நான் பார்த்ததே இல்லையே.”

குடைச்சல் தன் புத்தகத்தை மாமாவிடம் நீட்டினாள்.

மாமா அதையும் தக்காளியின் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “அதே படம்தான். ஆனா இடம் மாறியிருக்கு. விசித்திரமா இருக்கே.” கதவில் இருந்த தாளைத் தொட்டார். “நாளைக்குச் சாயங்காலம் கிரேன் ராணியை வரையற அக்கா கடைக்கு வர்றாங்க. நீதான் அவங்களைப் பேட்டி எடுக்கணும்னு வெச்சிருந்தேன். அதுக்குள்ள இது என்ன கூத்துன்னு கண்டுபிடி. முடியலேன்னா தாளைக் கிழிச்சுடுவேன். பேட்டியும் தக்காளிக்குத்தான். உன்னை நம்பி வாங்கினவங்களுக்குப் பதில் சொல்லணும்ல?”

“சரி மாமா.” தக்காளியிடம் திரும்பினாள். “உன் புத்தகத்தை ஒரு ராத்திரிக்குக் குடு.”

“மடிக்காதே. மேல எதையும் சிந்தாதே. மூச்சுகூட விடாதே,” என்று சொல்லிக் கொடுத்தான் தக்காளி.

வீட்டில் தரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அட்டை போகப் பதினாறு பக்கம். எந்தப் பக்கத்திலும் எண் இல்லை. தக்காளியின் புத்தகத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய், அதே எண்ணைத் தன் புத்தகத்தில் பென்சிலால் குறித்தாள்.

அவளுடைய புத்தகம் ஏழு, எட்டு என்று ஆரம்பித்தது. பிறகு ஒன்றிலிருந்து ஆறு. பிறகு பதினொன்றிலிருந்து பதினாறு. கடைசியில் ஒன்பது, பத்து.

நாலு பக்கம்தான் இடம் மாறியிருந்தது. ஆனால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அது எப்படி?

கரண்டிக் காம்பால் தன் புத்தகத்தின் பின்களை நெம்பினாள். புத்தகம் அட்டையை விட்டு நாலு தாளாகப் பிரிந்தது. வெளியே இருந்த தாளை விரித்தாள். ஒரு பாதியில் ஏழும் எட்டும். மறு பாதியில் ஒன்பதும் பத்தும்.

“ஒரே தாள்!” என்று கத்தினாள். அந்தத் தாளை எடுத்து எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்தாள். ஒன்றிலிருந்து பதினாறு வரை வரிசை சரியாக வந்தது. தூரத்தில் குரைத்தது வேறு நாய் இல்லை, நட்டுதான். அழுதுகொண்டிருந்த ராணி அந்தக் குரைப்பைக் கேட்டுத்தான் தேடவே கிளம்புகிறாள்.

அப்போது அம்மா வேலை முடிந்து உள்ளே வந்தாள். அம்மாவுக்கு அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலை. தாளின் விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும் என்பதால் விரல் நுனிகளில் பிளாஸ்திரி சுற்றியிருந்தாள். கடைக்குப் போகாத கழிவுப் புத்தகங்களை அச்சகத்தில் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். குடைச்சல் படித்ததெல்லாம் அப்படி வந்த புத்தகங்கள்தான். ஓரம் கிழிந்திருக்கும், மை அப்பியிருக்கும். கதை மாறி வந்தது இதுதான் முதல் தடவை.

“அம்மா, இதை அடுக்கினது யாரு?”

அம்மா தரையைப் பார்த்தாள். “நான்தான். ஏன்?”

“நடுத்தாள் வெளியே வந்திருக்கு.”

“தெரியும். டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள யாரோ தாள் குவியலை இடம் மாத்தி வெச்சுட்டாங்க. நூத்தி இருபது புத்தகம் பின் அடிச்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. மேஸ்திரி என்னை எல்லார் முன்னாடியும் ‘கண்ணு இருக்கா’ன்னு கேட்டார்.” அம்மா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். “ஒரு மணிக்கு ஐந்நூறு அடுக்கணும். நான் என்ன படமா பார்த்துட்டு இருப்பேன்? மூலையில எண்ணைப் பார்ப்பேன். இதுல எண்ணே கிடையாது.”

குடைச்சல் கடையில் நடந்ததைச் சொன்னாள்.

“உண்மையைச் சொல்லிடு,” என்றாள் அம்மா. “என் பேரை மட்டும் இழுக்காதே. ஒரு தடவை கேட்டதே போதும்.”

“இன்னும் கழிவு கிடைக்குமாம்மா? நாலு வேணும்.”

மறுநாள் மதியம் குடைச்சல் அச்சக வாசலில் நின்று அந்த நாலையும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கடையில் நிற்க இடமில்லை. படம் வரையும் அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நகத்தில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

“என்ன, கண்டுபிடிச்சியா?” என்றார் மாமா.

“கண்டுபிடிச்சேன் மாமா. என் புத்தகம் தப்பா அடுக்கினது. கழிவு. நான்தான் இன்னொண்ணோட ஒத்துப் பார்க்காம எழுதிட்டேன். அது என் தப்பு.”

“எந்த மடையன் அடுக்கினான்?” என்றான் தக்காளி.

குடைச்சலின் காது சூடானது. ஆனால் அவள் கத்தவில்லை. ஒரு கழிவுப் புத்தகத்தின் பின்களைக் கழற்றி, அதன் நாலு தாள்களையும் குலுக்கி அவன் கையில் கொடுத்தாள்.

“நீ அடுக்கு. ஏழு எண்ணறதுக்குள்ள. அடுக்கறவங்களுக்கு அவ்வளவு நேரம்தான்.”

“பூ! நான் இதை நாலு தடவை படிச்சவன்!”

எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். “ஒண்ணு... ரெண்டு...” தக்காளி விரித்தான், மடித்தான், செருகினான், உருவினான். “...ஏழு!”

மாமா வாங்கிப் படித்தார். “முதல் பக்கம், ராணி திருடனைக் கட்டிப்போடுறா. அடுத்து, அவனே வந்து ‘வணக்கம், நான் ஊருக்குப் புதுசு’ங்கறான்.”

கடையே சிரித்தது. தக்காளி நன்றாகப் பழுத்தான். மற்றவர்களும் கை நீட்டினார்கள். ஒருத்தி அடுக்கியதில் நட்டு தொலைவதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

“குடுங்க, நான் பண்றேன். வரைஞ்சவளே நான்தானே!” என்று அக்கா வாங்கினார். ஏழு எண்ணி முடிந்தது. வரிசை சரியாகத்தான் இருந்தது. ஒரு தாள் மட்டும் தலைகீழாக நின்றது.

“ராணி கிரேன்ல தலைகீழாத் தொங்குறா அக்கா!”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “இதை நாள் முழுக்க ஒருத்தர் பண்றாங்களா?”

“ஆமாம்,” என்றாள் குடைச்சல். முக்காலிக்கு எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். “பேட்டியில முதல் கேள்வி. நீங்க ஏன் பக்கத்துக்கு எண் போடறதில்ல?”

அக்கா நகத்திலிருந்த பெயிண்டைச் சுரண்டினார். “யாரும் இதைக் கேட்டதே இல்ல. பகல்ல எனக்கு வேலையே லாரிக்கு நம்பர் பிளேட் எழுதறதுதான். காலையில இருந்து வெறும் எண். வீட்டுக்கு வந்து படம் போடும்போது, இங்கயும் எண்ணா, போதும்டா சாமின்னு விட்டுட்டேன். அது இன்னொருத்தர் கையில போய்ச் சிக்கலாகும்னு தோணவே இல்ல.”

“ராணி லாரிக்கெல்லாம் சாமான் ஏத்துறாளே. அந்த லாரிக்கும் நம்பர் பிளேட் இருக்கும்ல?” என்றாள் குடைச்சல். “அதுலயே எண் போட்டா?”

 அக்கா அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, தன் உள்ளங்கையில் ஏதோ குறித்துக்கொண்டார்.

“பத்துக்குப் பத்து மார்க் போட்டியாமே, அது இன்னும் உண்டா?”

“சரியான வரிசையில மறுபடி படிச்சேன். எட்டரை. மழையில ஆரம்பிச்சாத்தான் நல்லா இருக்கு.”

“அய்யய்யோ,” என்றார் மாமா. அக்கா மட்டும், “அதுவும் சரிதான்,” என்று அதையும் குறித்துக்கொண்டார். கதவிலிருந்த தாள் கிழிபடவில்லை. அதன் கீழே திருத்தமும் பேட்டியும் சேர்ந்து, அது முழங்கால் வரை நீண்டது.

அடுத்த மாதம் அம்மா வேலையிலிருந்து வந்ததும் குடைச்சல் ஓடிப்போய் நின்றாள்.

“இந்தத் தடவை கழிவே விழல,” என்றாள் அம்மா. “ஒவ்வொரு பக்கத்துலயும் எண் இருக்கு. லாரியில, பீப்பாயில, நாய் கழுத்துப் பட்டையில. கை தானா ஓடுது.”

“அப்போ எனக்குப் புத்தகம்?”

“கழிவு இல்லேன்னா உனக்கு எங்கிருந்து வரும்?”

குடைச்சலின் முகம் தொங்கிப்போனது. இது அவள் யோசிக்காத விஷயம்.

அம்மா பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். ஓரம் கிழியாத, மை அப்பாத, முழுப் புத்தகம். “வர்ற வழியில கடையில வாங்கினேன். நாய் கழுத்துல இருக்கற ஒன்பதாம் எண்ணைத் தேடும்போதெல்லாம் அது எதையோ பார்த்து முழிக்குது. என்னத்தைப் பார்க்குதுன்னு ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடுது.”

“குடும்மா, குடும்மா!”

“கையை எடு. வாங்கினது நான்.”

அம்மா விளக்கின் கீழ் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். குடைச்சல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். நின்று நின்று பொறுக்க முடியாமல் கேட்டாள்.

“என்னம்மா ஆச்சு? நட்டு என்னத்தைப் பார்த்துது?”

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. பிளாஸ்திரி சுற்றிய விரலால் மெதுவாக ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

“சும்மா இரு. இப்பத்தான் பதினொண்ணாம் பக்கத்துக்கு வந்திருக்கேன்.”