புகைபோக்கிக்குள் இருந்த காலணி

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிந்ததைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக் கிராமமொன்றில் நெடுங்காலம் வாழ்ந்தவன் என்பதன்றி எனக்கு வேறு தகுதி இல்லை.

தீ அறைப்பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன, வெளியிலும் காற்றில்லை. ஆயினும் கணப்பின் சுவாலைகள், மேலிருந்து எவரோ மெல்ல ஊதுவதுபோல், கிளைவ் ஃபாஸ்டைக்கின் முழங்கால்களை நோக்கிப் படுத்தன.

அன்று காலையில்தான் புகைபோக்கியின் உள்விளிம்பிலிருந்து ஒரு குழந்தைக் காலணியை அவர் எடுத்திருந்தார். மேலிருந்து இறங்கி வருவது எதுவாயினும் தேய்ந்த காலணியைக் கண்டால் அதற்குள் புகுந்துகொள்ளும், பிறகு வெளியேறாது என்று இவ்வூரின் முன்னோர் நம்பினர். அதைப் பற்றி மரபுக் கழகத்தில் அவர் சொற்பொழிவே ஆற்றியிருக்கிறார், கூட்டம் சிரித்தது. நாளை அக்காலணி தேவாலயக் கூடத்துக் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். ஊர்க்காரர்களைக் கிளைவ் மதித்ததில்லை. ஊரின் பழமையை மதித்தார். அதுவும் பலகை எழுதி மாட்டத்தக்க பழமையை மட்டும்.

கண்காட்சிக்குப் பழக் கேக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு டோரீன், மேசைமீது இருந்ததைக் கண்டதும் வாசற்படியைத் தாண்டவில்லை.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, மிஸ்டர் ஃபாஸ்டைக். நாங்க தொட மாட்டோம்."

"அதனாலதான் டோரீன், நீங்கல்லாம் இன்னும் இப்படியே இருக்கீங்க."

"இருக்கோம்ல," என்றாள் அவள், கேக்கைப் படியிலேயே வைத்துவிட்டு.

அவள் போனதும் மனைவி நோரா மெதுவாகச் சொன்னாள்: "கிளைவ், அத எடுத்த எடத்துலயே வெச்சிடேன்."

"ஏன், பேய்க்குக் கால் குளிருமா?"

"கிண்டல் பண்ணாத. காலைலேர்ந்து யாரோ என் பின்னாடியே நடக்கற மாதிரி இருக்கு."

"டோரீனோட முட்டாள்தனம் உனக்கும் ஒட்டிக்கிச்சு. போய் டீ போடு."

நோராவின் அறிவையும் அவர் மதித்ததில்லை. ஆனால் அவள் இல்லாத ஒரு மாலையை அவரால் எண்ணிப் பார்க்கவும் இயலாது. அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

நவம்பர் மாலை சீக்கிரமே கறுத்தது. சமையலறையில் கெண்டி முனகும் ஒலிக்கும், ஓட்டுக்கூரையிலிருந்து ஈரம் சொட்டும் ஒலிக்கும் இடையில், புகைபோக்கிச் சுவரின் உட்புறத்தை நகமோ சிறகோ வருடியபடி நிதானமாகக் கீழிறங்கும் ஓர் ஓசையை அவர் கேட்டார். கூடவே நனைந்த தோலும் பழங்கம்பளியும் கழுவாத பாதமும் கலந்த நாற்றம் வந்தது. காக்கைக் கூடு, என்று சொல்லிக்கொண்டார். கரித்தூள் உதிர்ந்தது. தீ அணைந்தது.

ஓசை நின்றது.

பிறகு, கம்பளத்தின்மேல் கேட்டது.

அது அவரைக் கடந்தது. சமையலறைப் பக்கம் போயிற்று.

"நோரா?"

கெண்டி மட்டும் கூவியது. கிளைவ் எழுந்து காலணியைக் கையிலெடுத்தார். அதன் உட்புறம் சில்லென்றிருந்தது. தம்மைத் தாமே இகழ்ந்தவாறு கணப்புக்குள் குனிந்து, கையை மேலே நீட்டி, பழைய விளிம்பைத் தேடினார். எரிந்த தீயின் சூடேயில்லாத வெறுங்கல். அதில் ஓரிடம் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியைப் போல, வெதுவெதுப்பாக இருந்தது.

காலணியை அங்கே வைத்தார்.

"வெச்சிட்டேன், நோரா. வெச்சிட்டேன்மா. கேக்குதா?"

கெண்டியின் கூவல் அடங்கியது. யாரோ அடுப்பை அணைத்திருந்தார்கள். அவர் மூச்சு விட்டார்.

சமையலறை வாசலில் நோரா நின்றாள். கையில் தேநீர்த் தட்டு. ஓர் அடி வைத்தாள். தடுமாறினாள். நடை பழகும் குழந்தையைப்போல் மறுகாலைத் தூக்கி, எங்கே வைப்பதென்று பார்த்தாள். தட்டு விழுந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. அவளுடைய தேய்ந்த தோட்டக் காலணிகளின் விளிம்பிலிருந்து கரி பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

சிரித்தது. கைகளை நீட்டியது. அவரை நோக்கி வந்தது.

இழந்தவை: நோரா; இரண்டு கோப்பைகள்; ஒரு தட்டு. வீட்டின் பழமைக்குச் சேதமில்லை.