நான்காவது மாடியில் காணாமல் போன டப்பா

காலை 8.20. பிரிக்ஃபீல்ட்ஸில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். நான்காவது மாடியில், கண்ணப்பன் வீட்டுக் கம்பிக்கதவில் தொங்கியிருக்க வேண்டிய ஐஸ்கிரீம் டப்பாவைக் காணவில்லை.

டப்பாவுக்குள் இருந்தது ஓர் ஆக்சிமீட்டர். விரல் நுனியில் மாட்டினால், இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று எண்ணில் காட்டும் சின்னக் கருவி. எண் 95க்குக் கீழே இறங்கினால் கவலைப்பட வேண்டும். 2021 ஜூலை மாதம் அது. தொற்று உச்சத்தில் இருந்தது. எந்தக் கடையிலும் அந்தக் கருவி கிடைக்கவில்லை. அந்தக் கட்டடத்து முதியவர்கள் பதினொரு பேருக்கும் அது ஒன்றுதான்.

ஏற்பாடு தாமரையுடையது. ஒரு கிளினிக்கில் இருபத்தாறு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள், அதிகம் பேசமாட்டாள். தினமும் காலை ஏழு மணிக்குக் கீழ்த்தளத்திலிருந்து டப்பா கிளம்பும். ஒவ்வொருவரும் கருவியை மாட்டி, படம் எடுத்து, வாட்ஸாப் குழுவில் போட வேண்டும். பிறகு அதைத் துடைத்து, அடுத்த வீட்டுக் கதவில் தொங்கவிட்டு, தட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். யாரும் யாரையும் நேரில் பார்ப்பதில்லை.

ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதனால் முந்தின நாள் மாலை தாமரை குழுவில் எழுதியிருந்தாள்: "நாளைக்குப் பத்து மணிக்கு நானும் லோகனும் வீடு வீடாக வருகிறோம். இனி எண்ணை நாங்களே நேரில் பார்த்துக்கொள்கிறோம்."

பத்து மணிக்கு முன்பே டப்பா மாயமாகிவிட்டது.

காலை 8.45. தாமரையும் லோகனும் முகக்கவசத்தோடு மேலே ஏறி வந்தார்கள். லோகன் லோரி ஓட்டுபவன். இப்போது முதியவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். மூன்றாவது மாடி நல்லம்மாள், 7.45க்கு ரபேல் வீட்டுக் கதவில் டப்பாவை மாட்டியதாக உறுதியாகச் சொன்னார். மேல் மாடியில் இருப்பது இரண்டே வீடுகள். ரபேல் வீடு, எதிரே கண்ணப்பன் வீடு.

"எட்டேகாலுக்குக் கதவத் தொறந்தேன். ஒண்ணுமில்ல," என்றார் கண்ணப்பன். எழுபத்தாறு வயது, தனி ஆள்.

"யாராச்சும் தட்டுனாங்களா அங்கிள்?"

"யாரும் தட்டல."

லோகன் தாமரையின் காதருகே குனிந்தான். "போன வாரம் இவருதான்க்கா, ஊர்ல உள்ளவன் எல்லாம் விரல விட்டத நான் மாட்டணுமான்னு சண்ட போட்டாரு. எங்கயாவது தூக்கி வீசியிருப்பாரு லா."

"டேய், கேக்குதுடா!" என்றார் கண்ணப்பன் உள்ளேயிருந்து.

எதிர் வீட்டில் ரபேலின் மனைவி மகதலேனா வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எட்டு மணிக்கு அவரு கதவுல மாட்டுனேன். நல்லா தட்டுனேன். வந்துட்டேன்."

"காலையிலயே சமையலா ஆன்டி? கையெல்லாம் மஞ்சளா இருக்கு," என்றாள் தாமரை.

"பச்ச மஞ்சள் உரிச்சேன்மா. மிளகு தட்டிப் போட்டு இவருக்குக் கஷாயம். வாயில வச்சாத்தானே!"

உள்ளே நாற்காலியில் ரபேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துண்டு. கைகள் இரண்டும் அதன் கீழே. லோகனைக் கண்டால் இருபது நிமிடம் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசாமல் விடமாட்டார்.

"என்ன அங்கிள், இன்னிக்கு நியூஸ் ஒண்ணும் இல்லையா?"

ரபேல் சிரித்தார். அவ்வளவுதான்.

"உடம்பு எப்படி அங்கிள்?" என்றாள் தாமரை.

"நல்லா..." சற்று நேரம் கழித்து, "இருக்கேன்மா."

காலை 9.05. தாமரை மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தாள். காலை 7.52, ரபேலின் படம்: 97, நாடித்துடிப்பு 84. காலை 7.54, மகதலேனாவின் படம்: 97, நாடித்துடிப்பு 85. அவள் படங்களைப் பெரிதாக்கினாள். மாற்றி மாற்றிப் பார்த்தாள். கண்ணப்பன் வீட்டைச் சோதிக்கலாமா என்று லோகன் இரண்டு முறை கேட்டான். கீழே எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"லோகன், ஆம்புலன்ஸுக்கு போன் போடு."

"யாருக்குக்கா?"

"ரபேல் அங்கிளுக்கு."

எழுந்து கம்பிக்கதவின் முன்னால் போய் நின்றாள். "ஆன்டி, டப்பா உங்ககிட்டதான் இருக்கு. குடுத்துருங்க."

மகதலேனா கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க தட்டியிருந்தா எதிர் வீட்டுல கேட்டிருக்கும். இவன் ரகசியமாப் பேசுனதே அவருக்குக் கேட்டுச்சு. நீங்க அங்க போகவே இல்ல. போட்டோவப் பாருங்க. கருவி சுட்டு விரல மறைக்குது. பக்கத்து விரல் நகம் தெரியுது. ரெண்டு படத்துலயும் மஞ்சள். அங்கிள் மஞ்சள் உரிக்கல. அவரு பேர்ல வந்ததும் உங்க விரல்தான்." குரலைத் தாழ்த்தினாள். "அங்கிள், கைய வெளிய எடுங்க."

துண்டு விலகியது. ரபேலின் நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

"இவரு அண்ணன் போன மாசம் கிள்ளான் ஆஸ்பத்திரில இறந்தாரு," என்றார் மகதலேனா. "வெள்ளை உடுப்புப் போட்ட நாலு பேரு பொதச்சாங்க. நாங்க போன்ல பாத்தோம். பேசக்கூட ஆளில்லாமப் போனாராம். என்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பிராதன்னு இவரு சத்தியம் வாங்கிட்டாரு. மூணு நாளா என் விரலத்தான் காட்டுனேன். நீங்க வர்றீங்கன்னதும் எடுத்து ஒளிச்சுட்டேன்."

மாதா படத்துக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்துவந்து கொடுத்தார். தாமரை கருவியைக் கம்பி வழியே நீட்டினாள். ரபேலின் விரலில் அது 83 என்று காட்டியது.

"இப்பவே போனா திரும்பி வர வழி இருக்கு அங்கிள். சாயந்தரம்னா எனக்குத் தெரியல."

ரபேல் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சட்டைய... எடு," என்றார்.

காலை 10.10. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது. மகதலேனாவுக்கு அதில் இடம் தரவில்லை. பரிசோதனை முடியும்வரை அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

தாமரை எதிர்க்கதவுக்குப் போனாள். சந்தேகம் முதலில் இவர்மேல்தான் விழுந்தது. அதனால் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

கண்ணப்பன் கம்பிக்கு அருகே வந்தார்.

"ரபேல் கையில போன் வச்சிருக்காரா?"

"வச்சிருக்காரு. ஆனா அவரால இப்பப் பேச முடியாது அங்கிள்."

"நம்பரக் குடும்மா. நான் பேசுறேன். அவரு கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும்."