மூன்றாம் தண்ணீர்

வாசல் நிலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பங்குனி வெயில். மணி பதினொன்று. ராஜபாளையத்தில் மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது. விடியற்காலையில் மனைவி செல்லக்கனி மாற்றிச் செருகிய கொத்து இந்நேரம் சுருண்டிருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் அம்மை போட்டிருந்த இன்னொரு வீட்டில் கொத்து சுருண்டு, தொட்டால் நொறுங்குகிற மாதிரித் தொங்கியது. இது மட்டும் பச்சையாக, கனத்து, நுனிநுனியாகச் சொட்டியது. காசிராஜன் கையை நீட்டி ஒரு சொட்டை ஏந்தினான். மூன்று வருடமாக அவன் வலதுகை விரல் நுனிகளில் உணர்ச்சி கிடையாது. ஈரம் தெரியவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தான்.

உப்பு.

“வேப்பிலைக்குத் தண்ணி தெளிச்சியா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டான்.

“பைப்புல தண்ணி வந்து நாலு நாளாச்சு. குடிக்கவே அரைப்பானைதான் கிடக்கு. வேப்பிலைக்கு வேற தெளிக்கணுமாக்கும்” என்றாள் செல்லக்கனி.

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

மகள் பரிபூரணத்துக்கு ஏழு வயது. அம்மை போட்டு எட்டாம் நாள். நடுவீட்டில் பாய் விரித்து, பாயின் மேல் வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்திருந்தார்கள். முதல் தண்ணீரும் இரண்டாம் தண்ணீரும் தலைக்கு ஊற்றியாயிற்று. நாளை மறுநாள் மூன்றாம் தண்ணீர். அதுவரை கொத்து வாசலில் இருக்கும். வெளியாள் உள்ளே வரக்கூடாது. வீட்டில் உள்ளவர்கள் வெளியூர் போகக்கூடாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் கொத்தை எடுத்துக் கிணற்றில் போடுவார்கள். பிறகு யாரும் வரலாம். யாரும் போகலாம்.

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயப்போடும் களம் ஊருக்குத் தெற்கே இருந்தது. ஆள் உயரக் கம்புகளுக்கிடையே கயிறு கட்டி, வெள்ளைத் துணியை நீளநீளமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மேஸ்திரி மாரிச்சாமி அவனைக் கண்டதும் கையை உயர்த்தினான்.

“ஏலே கப்பல்காரா, அங்கனயே நில்லு. வீட்டுல அம்மையை வச்சுக்கிட்டு இங்க எதுக்குலே வந்தே? இது ஆஸ்பத்திரிக்குப் போற துணி. நீ தொட்டுத் தொலைச்சே, வைத்தியம் பாக்கிற டாக்டரே சொறிஞ்சுக்கிட்டு நிப்பான். மூணாந்தண்ணி ஊத்தின பொறவு வா.”

துணி காயப்போட்ட பெண்கள் சிரித்தார்கள். காசிராஜனும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தான். சைக்கிளைத் திருப்பினான். அப்போதுதான் துணிகள் உப்பின.

காற்று இல்லை. களத்தோரம் நின்ற பனைகளில் ஓர் ஓலை அசையவில்லை. துணிகள் மட்டும் ஒரே பக்கமாக, வரிசை வரிசையாக, கப்பல் பாய் விரித்த மாதிரி மெதுவாக உப்பி, நின்று, இழுபட்டன. கயிறு முறுகும் சத்தம் கேட்டது. கஞ்சியும் பிளீச்சிங் பவுடருமாக எப்போதும் வீசுகிற வாடைக்கு நடுவே அழுகிய சிப்பியும் சேறுமாக ஒரு நெடி வந்து போனது. பெண்கள் நிமிரவில்லை. மாரிச்சாமி பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். தீக்குச்சியின் சுடர் நேராக நின்று எரிந்தது.

அந்த நெடி காசிராஜனுக்குத் தெரியும்.

எண்பத்தெட்டில் அவன் பினாங்கில் இருந்தான். ஓட்டலில் சமையல் வேலை. அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரரின் பாய்மரப் படகுக்குச் சமையல்காரனாகப் போனான். படகில் மூன்று பேர். கேப்டனான அந்த வெள்ளைக்காரர், காசிராஜன், கயிறு இழுக்கத் தவசிமுத்து. தவசிக்குச் சேத்தூர். இவனை அண்ணன் என்பான். சுமத்ராவின் மேற்குக் கரையோரமாகவே போனார்கள். அடுப்புக்கு மேலே கேப்டன் ஒரு தாளை ஒட்டியிருந்தார். அயல்நாட்டுக் கரைக்குப் போகிற படகுக்கான விதிகள். காசிராஜனுக்கு அது மனப்பாடம்.

துறைமுகத்தை நெருங்கும்போது மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். படகில் நோய் இல்லை, அனுமதி வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அதிகாரிகள் வந்து பார்த்து, மஞ்சள் கொடி இறங்குகிறவரை படகிலிருந்து ஒருவரும் இறங்கக்கூடாது. வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை பேர் திரும்பிப் போக வேண்டும்.

துறைமுகத்துக்கு ஒரு நாள் இருக்கும்போது தவசிமுத்துவுக்கு அம்மை போட்டது. தொண்டைக்குள்ளும் கொப்புளம். பேச முடியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பலகையை மூன்று தட்டு தட்டுவான். காசிராஜன் கொண்டுபோய்க் கொடுப்பான். நோய் என்று தெரிந்தால் படகை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பார்கள் என்றார் கேப்டன். கரையோரம் ஓர் ஓடை. தண்ணீருக்குள்ளேயே வேர்விட்ட மரங்கள். சின்னத் தோணியில் தவசியைப் படுக்கவைத்து, ஒரு மரத்தில் கட்டினார்கள். இரண்டு நாளைக்குத் தண்ணீர் வைத்தார்கள். அவன் கையை ஆட்டி வேப்பிலை கேட்டான். அங்கே வேப்பமரம் ஏது? காசிராஜன் பழைய மஞ்சள் கொடி ஒன்றைத் தேடி எடுத்து அவன் மேல் போர்த்தினான். மஞ்சள் ஆத்தாளுக்கு உகந்தது. தவசி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “கொடி இறங்கினதும் வாரேன். அதுவரைக்கும் சத்தம் காட்டாதே” என்றான் காசிராஜன்.

பட்டியலில் இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள். எண்ணினார்கள். கொடி இறங்கியது.

மறுநாள் கேப்டன், இரண்டு என்று எழுதிவிட்டு மூன்றாவது ஆளைக் கொண்டுவந்தால் சிறை என்றார். நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார். காசிராஜன் தூக்கினான். சங்கிலி கனமாக இருந்தது. ஓடை வலப்பக்கம் கடந்து போனது. அவன் அந்தப் பக்கம் பார்த்தான். விரல்கள் அன்றைக்கு மரத்தவை.

ஊருக்கு வந்து, தவசி வேறு கப்பலுக்கு மாறிவிட்டான் என்று அவன் அம்மா சுந்தரம்மாளிடம் சொன்னான். அவள் மாதம் ஒரு தடவை சேத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போவாள்.

வீட்டுக்கு வந்தபோது செல்லக்கனி அடுப்படியில் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். காசிராஜன் மகளுக்குக் கொஞ்சம் தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மத்தியான வெளிச்சம் வாசற்படியில் வெள்ளையாகக் கிடந்தது. கொத்தின் நிழல் அதில் அசையாமல் இருந்தது. நிழலுக்குக் கீழே சொட்டு விழும் இடம் மட்டும் கறுத்திருந்தது.

தட். தட். தட்.

அவன் நிமிர்ந்தான். பரிபூரணம் கண்ணை மூடியபடி முழங்கையால் தரையைத் தட்டினாள். மூன்று தட்டு. நிறுத்தம். மறுபடி மூன்று.

“என்னம்மா?”

“தண்ணி” என்றாள். குரல் அடைத்திருந்தது.

“இப்படித் தட்டணும்னு யாரு சொன்னா?”

“வாசல்ல நிக்கிற மாமா.”

அவன் வாசலைப் பார்த்தான். வெயில். எதிர்வீட்டுச் சுவர். ஒரு கோழி படியருகே வந்து, சட்டென்று விலகி, சுற்றிக்கொண்டு போனது. தண்ணீர் மொண்டு மகளுக்குக் கொடுத்தான்.

மறுநாள் சாயங்காலம் சுந்தரம்மாள் வந்தாள். கொத்தைக் கண்டதும் தெருவிலேயே நின்றுகொண்டு கூப்பிட்டாள். கையில் ஒரு ஓலைப் பட்டையில் நுங்கு.

“ஏட்டி செல்லக்கனி, எம்பிள்ளை வந்துட்டான்டி!”

செல்லக்கனி படிவரை ஓடினாள். “எப்பம் சின்னம்மா?”

“முந்தாநாளு. நான் பஸ்ஸுக்கு நிக்கேன், தூணோரம் நிக்கான். கறுத்து, வத்தி, எலும்பும் தோலுமா. உடுப்பெல்லாம் ஈரம். ஏலே, வீட்டுக்கு வாலேங்கேன். அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாரேங்கான். அங்க வேப்பிலை செருகியிருக்கு, அது இறங்கின பொறவுதான் உள்ள போகணும், அதுவரைக்கும் வாசல்ல நிக்கேன்னான். இங்க அம்மை போட்டிருக்கது எனக்கே அவன் சொல்லித்தான் தெரியும். வந்தானா?”

“வரலையே.” செல்லக்கனி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். “கூச்சப்பட்டு எங்கயாவது நிக்காவளோ என்னமோ.”

காசிராஜன் நிலைக்கு உள்ளே நின்றான். “வேற என்ன சொன்னான் சின்னம்மா?”

“தண்ணி கேட்டான். எங்கையில இருந்த செம்புத் தண்ணியை ஒரே மடக்குல குடிச்சான். இன்னும் கேட்டான். பைப்படியில எம்புட்டுக் குடிச்சும் அடங்கலை. பொறவு, ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகணும்னான். யாரைலேன்னு கேட்டா, எண்ணிக்கை சரியா இருக்கணும்ங்கான். கப்பல்ல கிடந்த பய பேச்சு, எனக்கு என்ன புரியுது.” சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆமா காசி, இம்புட்டு மெலிஞ்சு போற மாதிரி அவனை எங்கய்யா விட்டுட்டு வந்தே?”

அது விளையாட்டாகக் கேட்டது. அவள் முகம் மலர்ந்திருந்தது. காசிராஜன் வாயைத் திறந்தான். ஓடை, மரம், தோணி, கொடி. நாலு வார்த்தை. வேப்பிலை நுனியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி அவன் கால் பெருவிரலுக்கு ஓர் அங்குலம் முன்னால் விழுந்தது.

“கப்பல்ல சாப்பாடு அப்படித்தான் சின்னம்மா” என்றான்.

அவள் நுங்கைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

விளக்கு வைத்த பிறகு செல்லக்கனியிடம் சொன்னான்: “கொத்து இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்.”

“நல்லா இருக்கே! மூணாந்தண்ணி ஊத்தின பொறவும் ஆத்தாளைப் பிடிச்சு வச்சா கோவப்படமாட்டாளா? வேண்டவே வேண்டாம். ஏன், வேலைக்குப் போக மடியா?”

அவன் பாயை விரித்தான். படுத்தபிறகு யோசித்தான். ஒரு ஆள். எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். வருகிறவன் ஒருவன். அவனுக்குப் பதிலாகப் போகிறவன் ஒருவன். அது தான்தான். வேறு யார்? அப்படி நினைத்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பயமில்லை. அவன் நன்றாகத் தூங்கினான்.

காலையில் முகம் மழித்தான். வெள்ளை வேட்டி கட்டினான். செல்லக்கனி எதிர்வீட்டுக் கிணற்றில் இரண்டு குடம் இறைத்து வந்தாள். ஒரு குடத்தில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முற்றத்து வெயிலில் வைத்தாள். பத்து மணிக்குப் பரிபூரணத்தை உட்காரவைத்து ஊற்றினாள். “ஜில்லுன்னு இருக்கு” என்று பிள்ளை சிரித்தாள். கொப்புளங்கள் காய்ந்திருந்தன. புதுப்பாவாடை கட்டிப் பாயில் உட்காரவைத்தார்கள்.

“சாயங்காலம் சீவில்லிப்புத்தூர் தேரடிக்குக் கூட்டிட்டுப் போவீகளா?” என்று பரிபூரணம் கேட்டாள்.

“அம்மா கூட்டிட்டுப் போவா” என்றான். அவள் தலையைத் தொட்டான். முடி ஈரமாகத்தான் இருந்திருக்கும்.

“கொத்தை நானே எடுக்கேன்” என்றான் செல்லக்கனியிடம்.

கொத்து ஒரு குழந்தையின் கனம் இருந்தது. அதை ஏந்திக்கொண்டு படியிறங்கினான். கொத்துப் போடும் கிணறு ஊருக்கு வெளியே, தோட்டத்துப் பக்கம். மெதுவாக நடந்தான். ஒதுங்காமல் நடுத்தெருவில் நடந்தான். முள்வேலி திரும்பும் இடத்தில் நின்றான். “தவசி” என்றான். “வந்துட்டேன்லே.”

யாரும் வரவில்லை. ஆட்டுக்குட்டி ஒன்று கத்தியது. கிணற்றில் கொத்தைப் போட்டான். அது மிதக்கவில்லை. கல் மாதிரி இறங்கியது. வெகுநேரம் காத்திருந்தான். தண்ணீர் தெளிந்து வானம் தெரிந்தது. வானத்தில் அவன் தலை மட்டும்.

அப்போது புரிந்தது.

ஓடினான்.

தெரு. வெயில். வீடு. திறந்த கதவு. கொத்து இல்லாத நிலை.

படியில் செல்லக்கனி நின்றாள். முகம் தெருவைப் பார்த்து. செம்பை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்திருந்தாள்.

“நல்லாக் குடிங்கண்ணே. இன்னும் மொண்டுட்டு வாரேன். அவிய இப்பம் வந்துருவாவ. உள்ள வந்து உக்காருங்கன்னு சொன்னேம்லா.”

செம்புக்கு எதிரே யாரும் இல்லை. செம்பில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சிந்தவில்லை. இறங்கியது. செம்பின் அடி தெரிந்தது. அவள் திரும்பினாள். கண் திறந்திருந்தது. அவனைப் பார்க்கவில்லை. உள்ளே போய், குடத்தில் மொண்டாள். வந்தாள். நீட்டினாள். அது இறங்கியது.

“பூரணம்” என்றான்.

பாய்.

பாயில் ஒரு மஞ்சள் துணி. நாலாக மடித்தது. வெளுத்து, ஓரம் கிழிந்து. உப்புக் கோடுகள் ஓடியிருந்தன.

வீட்டில் எண்ணினான். செல்லக்கனி. அவன்.

இரண்டு. பட்டியலில் எழுதிக் கொடுத்த அதே இரண்டு.

துணியைத் தொட்டான். சில்லென்றிருந்தது. விரல் நுனிகளில் ஈரம் தெரிந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு. முதல் தடவையாக.

குடம் வாசலில் காலியாகும் சத்தம்.

பிறகு அதுவும் நின்றது.

தட். தட். தட்.

தரையில் இல்லை. மரப்பலகையில். சின்ன முழங்கை. வெகுதூரத்தில்.

நிறுத்தம்.

மறுபடி மூன்று.