அக்கா சிரிக்கும் இடங்கள்

யாரோ சிரித்தார்கள். சிரிக்கும்படி எதுவும் நடந்திருக்கவில்லை.

திரையில் கதாநாயகி சூப் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்து வந்தாள். மேசைக்கு அந்தப்புறம் ஹோட்டல் முதலாளியின் அம்மா விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். முதலாளியின் காதலியாக நடிக்கச் சம்மதித்து வந்திருக்கும் பெண், பொய் மாமியாருக்கு முதல் தடவையாகப் பரிமாறுகிறாள். கிண்ணம் அலுங்காமல் மேசையில் இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்போதுதான் சமையலறைப் பக்கமிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் ஒரு களுக். பிறகு விக்கல் மாதிரி விட்டு விட்டு.

சோஃபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தவள் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தாள். மழை. பால்கனிக் கம்பியிலிருந்து சொட்டும் தண்ணீர். ஃப்ரிட்ஜின் முனகல். பக்கத்து வீட்டு வக்கீல் குடும்பமாக இருக்கும் என்று நினைத்தாள். சுவர் அவ்வளவு மெல்லிசு. அவர்கள் தும்மினால் இவள் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். காலையில் அவர்கள் பெட்டியும் பையுமாகக் கிளம்பிப் போனதும், கதவில் பூட்டு தொங்கியதும் அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

விடுமுறை நாள். வாரமெல்லாம் பல் டாக்டருக்கு உதவியாக நின்று அடுத்தவர் வாய்க்கு விளக்குப் பிடித்த அலுப்பு. “அந்தப் பழைய கொரியத் தொடர திரும்ப எடுத்திருக்காங்கக்கா, ஹீரோ சும்மா கும்முனு இருக்கான்” என்று வரவேற்பில் உட்காரும் பெண் நச்சரித்ததால்தான் போட்டாள். பழையதை இவளும் இவள் கூடப்பிறந்த அக்காவும் மனப்பாடமாகும்வரை பார்த்திருக்கிறார்கள். அக்கா வாழ வந்த இந்த வீட்டில், இதே சோஃபாவில்.

அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். “வெளியிலேர்ந்து ஒருத்தி வர்றதுக்கு நீயே போயிடேன்டி” என்று அம்மா அழுதாள். அத்தானுக்கும் மறுக்க வாய் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறாள். அவர் இவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

தொடரை மறுபடி ஓடவிட்டாள். புதுக் கதாநாயகி அழகாக இருந்தாள், அளவாக நடித்தாள். குடையை மடக்கிப் பேருந்தில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தாள். சோகமான பியானோ இசை.

சமையலறையில் சிரிப்பு வெடித்தது.

இந்த முறை அவளுக்குப் பிடிபட்டது. பழைய தொடரில் இந்த இடத்தில் கதாநாயகி தப்பான பேருந்தில் ஏறிவிடுவாள்; முதலாளி என்று நினைத்து முன்சீட்டுக் கிழவரிடம் காதலைக் கொட்டுவாள். அதற்கு முன்னால், அந்த சூப். பழையதில் அது முழுக்க மாமியார் மடியில்தான் கவிழும்.

சிரிப்பவள் யாரோ, அவள் இந்தத் தொடரைப் பார்க்கவில்லை. பழையதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போனை எடுத்தாள். அத்தான் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். விடுமுறையிலும் யாராவது எங்காவது மாட்டிக்கொண்டால் ஓடவேண்டிய வேலை.

“அத்தான், எப்ப வருவீங்க?”

“ஆளுங்கள வெளிய எடுத்தாச்சு. மோட்டார் பாக்கணும். ஏன்?”

“சும்மாதான்.”

சமையலறையில் மறுபடி ஒரு களுக்.

“பக்கத்துல யாரு சிரிக்கிறது?”

“டிவி, அத்தான்.”

“டிவியா?” அவர் குரல் என்னவோபோல் ஆனது. “அத நிறுத்தாத. இதோ வந்துட்டேன்.”

அவள் நிறுத்தினாள். திரை கறுத்தது. மழை இருட்டில் அறை சாம்பல் நிறமாகக் கிடந்தது. இனிமேல் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதை நின்றுவிட்டது. சிரிக்க ஒன்றும் இல்லை.

கதை நிற்கவில்லை. அவளுக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றாலும் ஓடியது. இப்போது முதலாளி அறைக்குள் மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக இறங்குவான். கால்சட்டை கிழியும்.

சிரிப்பு. சமையலறையில் இல்லை. நடைவழியில்.

வாசல் கதவுக்கு அந்த நடைவழியைத் தாண்டித்தான் போகவேண்டும். எழுந்திருக்கப் பார்த்தாள். மடக்கிய கால் மரத்துக் கட்டையாகக் கிடந்தது. ஈரத்துணி வாடை வந்தது. அதனடியில், காய்ச்சல் உடம்பின் புளித்த வியர்வை வாடை. இப்போது நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

சிரிப்பு. அறை வாசலில்.

அடுத்தது அவளுக்குத் தெரியும். கதாநாயகி ஏணியிலிருந்து வழுக்கி முதலாளியின் மடியில் விழுவாள். அக்கா அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரிக்கமாட்டாள். சத்தமே வராமல் குலுங்குவாள். குலுங்கிக்கொண்டே பக்கத்தில் இருப்பவர் தொடையில் ஓங்கி ஒரு அறை விடுவாள்.

வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள். அம்மா. ஆஸ்பத்திரி. விளக்கு.

ஏணி ஆடியது.

சோஃபாவின் மறுமுனை அமுங்கியது.

பஞ்சு மெல்லக் குலுங்கியது. சத்தமில்லாமல். குலுங்கியது.

பளார்.

தொடை எரிந்தது. அலற வாயைத் திறந்தாள். வந்தது அலறல் இல்லை. மூக்கால் ஒரு களுக். பிறகு விக்கல் மாதிரி. விட்டு. விட்டு.

வாயைப் பொத்தினாள். கை நனைந்தது. சிரிப்பு நிற்கவில்லை.

சாவி திரும்பியது. அத்தான் தலை சொட்டச் சொட்ட வாசலில் நின்றார். கருவிப் பை கையிலிருந்து நழுவியது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததே இல்லை.

“நீயா?”

அத்தான், நான்தான். நான். சொன்னாள். உதடு அசையவில்லை.

“அவ எங்க?” என்றார் அவர், மெதுவாக.

“தூங்குறா” என்றது அவள் வாய், அக்காவின் குரலில். “எழுப்பிடாதீங்க.”

அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். வந்து தரையில் மண்டியிட்டு, ஈரத்தலையை அவள் மடியில் புதைத்து விசும்பினார். அவள் கை தானாக எழுந்து அவர் முடியைக் கோதியது. விரல்களைத் தடுக்க முடியவில்லை. கண் மட்டும் இன்னும் அவளுடையதாக இருந்தது. அதை அகல விரித்து, அவர் நிமிரும்வரை காத்திருந்தாள்.

நிமிர்ந்தார். அவள் கண்ணுக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் வாடியது. அங்கே யார் இருப்பது என்று தெரிந்துகொண்டார்.

பிறகு சில்லென்ற கையை நீட்டி, பிணத்துக்கு மூடுவதுபோல, அவள் இமைகளை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்து மூடினார்.